கம்ப்யூட்டர் படம் டி.வி.டி. பிளேயரில் ஓடுமா?

கொல்கத்தா நகரின் தெற்குப் பக்கத்தில் டாக்குரியா இருக்கிறது. அங்கே ஒரு ரயில் நிலையம் உண்டு. அருகே ஒரு பெரிய ஏரி உண்டு. மக்கள் அதை டாக்குரியா ஏரி என்பார்கள். ரவீந்திர சரோவர் என்றும் அதற்குப் பெயர். ஏரிக்கு அந்தப் பக்கம் லேக் மார்க்கெட். அந்த வட்டாரத்தில் தமிழர்கள் பல காலமாக வாழ்ந்து வருகிறார்கள்.

அங்கே கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்கிறார். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. பொருள் புரியவில்லை. அவர் கண்ணில் கோளாறு இல்லை. பலகையிலும் கோளாறு இல்லை. அந்த எழுத்தை அவர் கற்கவில்லை. அவ்வளவுதான்.

டி.வி.டி. பிளேயருக்கும் இதே சங்கடம் வருவது உண்டு. எப்படி?

பாட்டி கேட்க விரும்பிய குரல்

டாக்குரியாவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 2010ஆம் ஆண்டு. பேத்திக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். பாட்டிக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் ரயிலில் போக முடியவில்லை. கல்யாணத்தை வீடியோ எடுத்தார்கள். பேரன் அதைப் பென் டிரைவில் கொண்டு வந்தான்.

அந்தப் படத்தில் பாட்டியின் அண்ணன் மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார். கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார்.

"அண்ணன் குரலை ஒரு தடவை கேக்கணும்ப்பா" என்றார் பாட்டி.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. டி.வி.யும் டி.வி.டி. பிளேயரும்தான் இருந்தன. அந்தப் பிளேயரில் பென் டிரைவ் செருக இடம் இல்லை. பேரன் நண்பன் வீட்டுக்குப் போனான். அங்கிருந்த கம்ப்யூட்டரில் படத்தை ஒரு டி.வி.டி. தட்டில் நகல் எடுத்தான். வீட்டுக்கு வந்து தட்டைப் பிளேயரில் போட்டான். தட்டு சுற்றியது. படம் வரவில்லை.

"தட்டு கெட்டுப்போச்சா?" என்று பாட்டி கேட்டார்.

"இல்ல பாட்டி. கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிச்சே!"

பேரன் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். வங்காளத்தில் அண்ணனைத் 'தாதா' என்று அழைப்பார்கள்.

"தாதா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

கடைக்காரர் பார்த்தார். "தம்பி, நீ நகல்தான் எடுத்திருக்கிறாய். படத்தை மாற்றவில்லை" என்றார்.

நகல் வேறு, மாற்றுவது வேறு

வங்காளத்தில் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அதைப் பத்து நகல் எடுத்தாலும் அது வங்காளக் கடிதம்தான். உறையின் மேல் தமிழில் விலாசம் எழுதினாலும் உள்ளே இருப்பது வங்காளம்தான். தமிழ் மட்டும் தெரிந்தவர் அதைப் படிக்க வேண்டுமா? யாராவது அதைத் தமிழாக்கித் தர வேண்டும்.

வீடியோவும் அப்படித்தான். தட்டில் நகல் எடுத்தால் போதாது. பைலின் பெயரை மாற்றினாலும் போதாது. பிளேயருக்குத் தெரிந்த முறையில் படத்தையே மாற்ற வேண்டும்.

பல முறைகள் ஏன்?

வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை. இந்தியாவில் டி.வி.க்கான முறைப்படி ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. அவற்றை அப்படியே பதிந்தால் ஒரு டி.வி.டி. தட்டில் சுமார் ஐந்து நிமிடப் படம்தான் அடங்கும். ஆகவே படத்தைச் சுருக்கிப் பதிகிறார்கள். நன்றாகச் சுருக்கினால் அதே தட்டில் சுமார் இரண்டு மணி நேரப் படம் அடங்கும்.

சுருக்கும் முறைகள் பல. 1993இல் வி.சி.டி. வந்தது. அதில் இருப்பது எம்பெக்-1 என்ற முறை. 1996இல் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. டி.வி.டி. படங்களில் பெரும்பாலும் எம்பெக்-2 என்ற முறை இருக்கும். கம்ப்யூட்டரில் வேறு பல முறைகளும் உண்டு.

புதிய முறை வந்தால் கம்ப்யூட்டருக்கு ஒரு புதிய புரோகிராம் போட்டுக் கற்றுக்கொடுக்கலாம். பழைய பிளேயருக்கு அப்படிக் கற்றுக்கொடுப்பது கடினம். தொழிற்சாலையில் கற்றுக்கொண்டதே அதற்குத் தெரியும்.

மாற்றுவது எப்படி?

1. முதலில் மூலப் படத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். பென் டிரைவில் இருப்பதை அழிக்கக் கூடாது.

2. கம்ப்யூட்டரில் படத்தை மாற்றும் புரோகிராம் வேண்டும். 'டி.வி.டி. ஸ்டைலர்' என்பது அப்படி ஒன்று. அது இலவசம்.

3. புரோகிராம் எந்த நாட்டு முறை என்று கேட்கும். இந்தியாவுக்கு பி.ஏ.எல். முறை. அமெரிக்காவுக்கு என்.டி.எஸ்.சி. முறை.

4. பிறகு மாற்றும் வேலை நடக்கும். பழைய கம்ப்யூட்டரில் சில மணி நேரம்கூட ஆகலாம். பொறுமை வேண்டும்.

5. மாற்றிய படத்தை வெற்றுத் தட்டில் பதிய வேண்டும். பதிவைக் கடைசிவரை முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்திய தட்டு பிளேயரில் ஓடாது.

6. வீட்டுப் பிளேயரில் போட்டு, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஏமாறாமல் இருக்க

"ஐந்து மணி நேரத்தையும் ஒரே தட்டில் போட்டுத் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அடைத்துப் பதிந்தால் படம் மங்கிப் போகும். மாற்றினால் மங்கிய படம் தெளிவாகும் என்றும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் படத்தின் தரம் கொஞ்சம் குறையும். அதனால்தான் மூலப் படத்தை அழிக்கக் கூடாது.

கடையில் காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நகல் எடுப்பீர்களா, மாற்றித் தருவீர்களா? எத்தனை தட்டு ஆகும்? ஓடாவிட்டால் திரும்பச் செய்து தருவீர்களா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுக் கல்யாணப் படத்தை மாற்றலாம், பிரதி எடுக்கலாம். சினிமாப் படத்தை அனுமதி இல்லாமல் பிரதி எடுத்து விற்பது குற்றம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

கடைக்காரர் படத்தை மாற்றி இரண்டு பிரதிகள் கொடுத்தார். பாட்டி அண்ணனின் குரலைக் கேட்டார். "இன்னொரு தடவை போடுப்பா" என்றார். அப்போதுதான் பாட்டி எழுதப் படிக்கக் கற்றிருந்தார். மார்க்கர் பேனாவால் தட்டின் மேல் தாமே எழுதினார்: 'கல்யாணம். அண்ணன் பேச்சு.' ஒரு பிரதி டாக்குரியாவில் இருந்தது. இன்னொன்று கும்பகோணத்துக்குப் போனது. ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும் அல்லவா?

இன்றைய நிலை

இன்று பல புதிய கம்ப்யூட்டர்களில் தட்டு போடும் இடமே இல்லை. பல டி.வி.களில் பென் டிரைவை நேராகச் செருகலாம். அப்போதும் பழைய கேள்வி போகவில்லை. இந்த டி.வி.க்கு எந்த முறை தெரியும்? டி.வி.யோடு வந்த புத்தகத்தில் அது எழுதியிருக்கும். படித்துப் பார்க்கலாம்.

வீட்டில் பழைய தட்டுகள் இருக்கின்றனவா? கீறலும் வெயிலும் அவற்றைக் கெடுக்கும். ஓடும்போதே அவற்றைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைப்பது நல்லது. அடுத்து வரும் பெட்டிக்குப் புரியவில்லை என்றால், மாற்றிக்கொள்ள மூலப் படம் கையில் இருக்கும்.

கேள்விகள்

1. நகல் எடுப்பதற்கும் மாற்றுவதற்கும் என்ன வேறுபாடு?

2. மூலப் படத்தை ஏன் அழிக்கக் கூடாது?

3. ஒரு தட்டில் இரண்டு மணி நேரப் படம் அடங்கும். ஐந்து மணி நேரப் படத்துக்கு எத்தனை தட்டுகள் வேண்டும்?

4. உங்கள் வீட்டில் பாதுகாக்க வேண்டிய படமோ குரலோ எது? அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள்.