இருபத்தைந்து மணி நேர நாள்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தில் எல்லாமே மகிழ்ச்சியான செய்தி. ஒரே ஒரு வரிதான் இரண்டு நாளாக மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. செப்டம்பர் கடைசியில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குவீன் மேரி 2 கப்பலில் போகிறாய். நல்லது. அதற்கு அடுத்து எழுதியிருக்கிறாய்: "ஏழு ராத்திரி, நடுவில் ஒரு துறைமுகம்கூட இல்லை, ஐயா. வெறும் தண்ணீர். அத்தனை நாளும் வீண்தானே? எப்படிப் பொழுதைப் போக்குவது?"

வெறும் தண்ணீரா? பூகோளத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெண் எழுதுகிற சொல்லா இது? நான் போனபோது டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் இதையேதான் சொன்னார்: "கடல் நாளில் பார்க்க ஒன்றும் இருக்காது சார், சாப்பாடு நன்றாக இருக்கும்." அவருக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீ அதை 'உல்லாசக் கப்பல்' என்று எழுதியிருக்கிறாய். உல்லாசக் கப்பல் கரையோரமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போய்வரக் கட்டப்படுவது. 2004-இல் ஓடத் தொடங்கிய இந்த 345 மீட்டர் கப்பலோ அட்லாண்டிக்கைக் குறுக்கே கடப்பதற்கென்றே கட்டப்பட்டது. நீண்ட மூக்கும் கனத்த உடலும் அதற்காகத்தான். மற்ற கப்பல்களில் கடல் நாள் என்பது இரண்டு ஊர்களுக்கு நடுவே வரும் இடைவேளை. இதில் பயணமே கடல் நாள்தான். அதை வீண் என்றால் பயணத்தையே வீண் என்கிறாய்.

சரி, வெறும் தண்ணீருக்கு வருகிறேன். ஏழாவது தளத்தில் கப்பலைச் சுற்றி மரப்பலகை போட்ட நடைபாதை இருக்கிறது. மூன்று சுற்று நடந்தால் ஒரு மைலுக்குச் சற்று மேலே வரும். முதல் காலையில் அங்கே போய் நில். கண்மட்டம் நீருக்கு மேல் சுமார் 25 மீட்டர் என்று வைத்துக்கொள். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நாகப்பட்டினம் கரையில் கால் நனைய நின்றபோது அது நாலரை கிலோமீட்டர்தான். இங்கே 18. ஆக, உன்னைச் சுற்றி ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் வட்டம். சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதில் ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை, பெரும்பாலும் இன்னொரு கப்பலும் இல்லை. எந்தப் பக்கமும் மறைப்பில்லாத முழு வட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. தரையில் எங்கு நின்றாலும் ஏதாவது ஒரு வீடு, ஒரு தோப்பு குறுக்கே வந்துவிடுகிறது.

இன்னும் கேள். கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர். அப்படியானால் எதிரே தெரிகிற தொடுவானத்தை அரை மணியில் எட்டிவிடுகிறாய். காலையில் காப்பி வாங்கி உட்காரும்போது முன்னால் ஒரு கோடு தெரியும். குடித்து முடித்து, பத்துப் பக்கம் படித்து நிமிர்ந்தால் அந்தக் கோட்டின் மேல்தான் இருப்பாய். ஒரு நாளில் இப்படி ஐம்பது தொடுவானம். முதல் நாள் ஆங்கிலக் கால்வாயில் சாம்பலும் பச்சையுமாக இருந்த நீர், கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டியதும் கருநீலமாகும். சில நூறு மீட்டர் ஆழம் சில ஆயிரம் மீட்டராக இறங்குகிற இடம் அது. அலையும் மாறும். குறுகிய சிற்றலை போய், நீண்டு மூச்சு விடுவது போன்ற பேரலை வரும். எல்லாம் ஒரே தண்ணீர் என்பவர்கள் இதைக் கவனிக்காதவர்கள்.

அடுத்தது நேரம். மேற்கே போகும் பயணத்தில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைக்கச் சொல்வார்கள். உன் தோழி இதைக் 'கப்பல்காரர்கள் தரும் இலவச மணி' என்றாளாம். யாரும் எதையும் தரவில்லை. அந்த நாளுக்கு 25 மணி நேரம்; 20 நாட் வேகத்தில் அதற்குள் 500 கடல் மைல், அதாவது 926 கிலோமீட்டர். 45 டிகிரி அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகை டிகிரியின் அகலம் 79 கிலோமீட்டரைத் தொடும். கப்பல் நேர் மேற்கே போவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளில் ஏறத்தாழ 11.7 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம். 47 நிமிடம் வருகிறதா? அத்தனை நிமிடம் சூரியனைத் துரத்திக்கொண்டு ஓடி நீயே சம்பாதித்தது அந்த நேரம். கடிகாரம் அதை முழு மணியாக்குகிறது, அவ்வளவுதான். விமானத்தில் இதே ஐந்து மணி நேரம் மொத்தமாகத் தலையில் விழுகிறது, உடம்பு திணறுகிறது. கப்பலில் நாளுக்குக் கொஞ்சமாக வருவதால் உடம்புக்குத் தெரிவதே இல்லை. உலகம் எவ்வளவு பெரியது என்பதை உடம்பு அறிந்துகொள்ளும் வேகம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த இடத்தில் மார்க் ட்வெயினைச் சொல்லாமல் விட மனமில்லை. 1867-இல் குவேக்கர் சிட்டி என்ற கப்பலில் நியூயார்க்கிலிருந்து கிழக்கே போனார். அதைப் பற்றி 1869-இல் வந்த 'இன்னசென்ட்ஸ் அப்ராட்' புத்தகத்தில் ஓர் இளைஞன் வருகிறான். நல்ல விலை கொடுத்து வாங்கிய அவன் கடிகாரம் கப்பலில் ஏறியதிலிருந்து தினமும் பின்தங்குகிறது. வேகமாக ஓட வைத்துப் பார்க்கிறான், அப்போதும் கப்பலின் நேரத்தை எட்டவில்லை. கடிகாரம் கெட்டுவிட்டது என்று தவித்து, கடைசியில் கேப்டனிடமே போய் நிற்கிறான். கல்லூரி விடுதியில் இதைப் படித்த இரவில்தான் பூகோளம் எடுத்துப் படிப்பதென்று முடிவு செய்தேன். படமும் அட்டவணையும் செய்யாத வேலையை ஓர் இளைஞனின் தவிப்பு செய்தது.

சில நடைமுறை விஷயங்கள். மேற்கே போகும்போது முன்னோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் தெற்கு. செப்டம்பர் வெயில் அங்கேதான் விழும், நாற்காலியை அங்கே போட்டுக்கொள். அறை இன்னும் ஒதுக்கவில்லை என்றால் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் கேள். சீசா பலகையில் உயர்ந்து தாழ்வது நுனிகள்தான். நான் அறியாமல் முன்கோடி அறையை வாங்கி ஒன்றரை நாள் படுத்துக் கிடந்தேன். மயக்கம் வந்தால் உள்ளே சுருண்டு படுக்காதே. வெளியே வந்து தொடுவானத்தைப் பார், இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்.

முன்தளத்தில் காற்று முகத்தில் அறையும். கப்பலின் வேகம் 37, எதிர்க்காற்று 30 என்றால் உன்மேல் மோதுவது 67. அந்தக் கடலில் பெரும்பாலும் மேல்காற்று. மேற்கிலிருந்து வருவதை நம்மவர்கள் கோடை என்றார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். மேல்காற்றைக் கச்சான் என்று கடற்கரையில் இன்றும் சொல்லக் கேட்கலாம். அட்லாண்டிக்கின் 'கோடை' உன் காதைச் சில்லிட வைக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்: காற்றுக்குப் பெயர் திசை மட்டும் தந்ததில்லை, அது எந்த நிலத்தைக் கடந்து வந்தது என்பதும் சேர்ந்துதான் தந்தது. இந்த நான்கு பெயரும் தெரியாமல் நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறுவது எனக்குப் பெரிய வருத்தம்.

தினமும் அறைக்கு நிகழ்ச்சி நிரல் வரும். சொற்பொழிவு, நடன வகுப்பு, கோளரங்கம், மாலைத் தேநீர் என்று பக்கம் நிறைய. அத்தனைக்கும் ஓடாதே. நீங்கள் எல்லோரும் ஓய்வையும் தேர்வு போலவே எழுதுகிறீர்கள், ஒரு கேள்வியை விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்பது போல. நாளுக்கு ஒன்று போதும். எட்டாவது தளத்தின் முன்பக்கம் நூலகம் இருக்கிறது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் கப்பலின் மூக்கும் கடலும் எதிரே தெரியும். அங்கே கைப்பேசியை எடுத்தாய் என்று கேள்விப்பட்டால் வருத்தப்படுவேன். நண்பகலில் மட்டும் கேப்டனின் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேள். அன்றைய நிலையை அவர் சொன்னதும் நோட்டில் குறித்துக்கொள்.

நான் போனது ஜூன் மாதம். ஐந்தாம் நாள் காலை நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கதவைத் திறந்தால் கடலையே காணோம். லாப்ரடார் நீரோட்டமும் வளைகுடா நீரோட்டமும் சந்திக்கும் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவள் நீ, காரணம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிக் கம்பியின் அடியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று கனத்து விழும், அந்த இடத்தில் இன்னொன்று ஊறும். பத்தடி தள்ளி நாற்காலிகள் வெள்ளையில் கரைந்திருந்தன. மூடுபனியில் போகும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் ஒரு நீண்ட ஊதல் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஊதல் எழும்போதெல்லாம் தட்டில் இருந்த தேநீர்க் கோப்பையில் வளையம் வளையமாக அலை ஓடியது. 1,000 சதுர கிலோமீட்டர் வட்டம் பத்தடியாகச் சுருங்கிவிட்டது. அன்று முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிறைவான நாள் என் வாழ்வில் அதிகமில்லை.

இனி உனக்கு ஒரு வேலை. ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் சவுத்தாம்ப்டன் நேரத்திலேயே விட்டுவை. தினமும் சூரியன் மறையும் நிமிடத்தை அதில் பார்த்து எழுது. எனக்கு நாளுக்கு 47 வர வேண்டிய இடத்தில் நாற்பதை ஒட்டியே வந்தது. கணக்கில் பிழையென்று ஒரு பிற்பகல் முழுக்கத் திண்டாடினேன். பிறகு புரிந்தது: ஜூனில் தெற்கே இறங்க இறங்கப் பகல் குறைகிறது, அது ஆறேழு நிமிடத்தைத் தின்றுவிட்டது. நீ போகும்போது எல்லா அட்சரேகையிலும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பருவத்தால் இரண்டு நிமிடம் குறைந்து 45-ஐ ஒட்டி வர வேண்டும். வருகிறதா என்று பார்த்துச் சொல்.

என் நோட்டில் ஐந்தாம் நாளுக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. மூடுபனியில் சூரியன் மறைந்ததே தெரியவில்லை. உன் ஐந்தாம் நாள் தெளிவாக இருந்தால் அந்த நிமிடத்தை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பூகோள வாத்தியார்