வீட்டு நெட்வொர்க்கில் வீலான்: பிரித்தால் மட்டும் போதாது

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரா நீங்கள்? உங்கள் வைஃபையில் என்னவெல்லாம் இணைந்திருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். அலுவலக லேப்டாப், பிள்ளைகளின் டேப்லெட், ஸ்மார்ட் டிவி, வாசல் கேமரா, வந்துபோன உறவினர்களின் போன்கள். எல்லாமே ஒரே நெட்வொர்க். அப்டேட்டையே பார்த்திராத கேமராவுக்குள் ஒருவன் புகுந்துவிட்டால், அங்கிருந்து லேப்டாப்பைத் துழாவ அவனுக்குத் தடையே இல்லை. ஒரே கேபிள், ஒரே சுவிட்சை வைத்துக்கொண்டு இவற்றைத் தனித்தனி நெட்வொர்க்குகளாக்குவதுதான் வீலான். நெட்வொர்க் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் இது இருக்கிறது, இன்டர்வியூவிலும் கேட்பார்கள்.

முதலில் சாமான்கள். இன்டர்நெட் நிறுவனம் மாட்டிவிட்டுப் போன பெட்டி பெரும்பாலும் இதற்கு உதவாது. அதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, பின்னால் வீலான் தெரிந்த ரவுட்டர் ஒன்றை மாட்டுங்கள். மைக்ரோடிக்கோ, ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய ரவுட்டரோ, பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸோ, எதுவானாலும் சரி. சுவிட்ச் வாங்கும்போது ‘எட்டு போர்ட் கிகாபிட்’ என்று மட்டும் கேட்டால் அன்மேனேஜ்டு சுவிட்சைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஸ்மார்ட் அல்லது மேனேஜ்டு வகையைக் கேளுங்கள், 802.1க்யூ என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். ஆக்சஸ் பாயின்டும் ஒவ்வொரு வைஃபை பெயரையும் ஒரு வீலானுடன் இணைக்கத் தெரிந்ததாக இருக்கட்டும்.

அடுத்தது, கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாள். வீலான் 10 வீட்டுக்கு, 20 அலுவலகத்துக்கு, 30 கேமரா, டிவி வகையறாவுக்கு. எண் 1 முதல் 4094 வரை எதுவும் இருக்கலாம். ஐபி முகவரியின் மூன்றாவது எண்ணையும் அதற்கேற்ப வைத்துக்கொள்வது நெட்வொர்க்காரர்களின் வழக்கம்: 192.168.10, 192.168.20, 192.168.30 என்று. நடுராத்திரியில் லாக் பார்க்கும்போது எந்த ஐபி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று யோசிக்க வேண்டியிருக்காது. வீட்டுக்கு மூன்று போதும். ஆர்வத்தில் பத்து வீலான் போட்டவர்கள் பிரின்டர் ஓடவில்லை என்று வீட்டாரிடம் திட்டு வாங்குவார்கள்.

இனி சுவிட்ச். புதியவர்கள் குழம்பும் இடம் இது, எனவே நிதானமாகப் போவோம். 1998இல் வெளியான 802.1க்யூ தரத்தின்படி, ஈதர்நெட் ஃபிரேமுக்குள் 4 பைட் டேக் ஒன்று செருகப்படுகிறது. வீலான் எண் இருப்பது அதில்தான். லேப்டாப்புக்கும் கேமராவுக்கும் இந்த டேக்கைப் பற்றித் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆகவே அவை செருகப்படும் போர்ட் ‘அன்டேக்டு’. ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயின்டுக்கும் போகும் போர்ட்டுகளில் பல வீலான்கள் ஒரே கேபிளில் போவதால் அவை ‘டேக்டு’. சிஸ்கோகாரர்கள் இதை ட்ரங்க் என்பார்கள்.

போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃபிரேமில் டேக் இருக்குமா இருக்காதா என்பதைத்தான் டேக்டு, அன்டேக்டு தீர்மானிக்கிறது. டேக் இல்லாமல் உள்ளே வருவது எந்த வீலானுக்குப் போகும்? அதைத் தீர்மானிப்பது பிவிஐடி என்ற தனி அமைப்பு. மலிவு விலை ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றில் இது வேறொரு பக்கத்தில் ஒளிந்திருக்கும். மூன்றாவது போர்ட்டை வீலான் 20இல் அன்டேக்டாகச் சேர்த்துவிட்டு, பிவிஐடியை 1 என்றே விட்டுவிட்டால், லேப்டாப் அனுப்புவது வீலான் 1க்குப் போகும், 20இலிருந்து வரவேண்டிய பதில் வராது. கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொண்டாலோ, 20இன் ஐபிக்குப் பதில் வேறு வீலானின் ஐபி வந்தாலோ, முதலில் பிவிஐடியைப் பாருங்கள்.

எட்டாவது போர்ட்டை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். அது வீலான் 1இலேயே இருக்கட்டும். ட்ரங்க்கில் தவறு செய்து சுவிட்சின் அமைப்புப் பக்கமே திறக்காமல் போனால், உள்ளே திரும்ப அதுதான் வழி. இல்லாவிட்டால் ரீசெட் ஊசியைத் தேட வேண்டும்.

இவ்வளவும் முடித்துவிட்டு, பிரித்தாயிற்று, இனிப் பாதுகாப்பு என்று படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ரவுட்டரின் வேலையே நெட்வொர்க்குகளை இணைப்பது. நீங்கள் தடுக்காதவரை பல ரவுட்டர்கள் வீலான் 30இலிருந்து 20க்கு வரும் பாக்கெட்டைத் தாராளமாகக் கடத்திவிடும். ஒரே காம்பவுண்டில் தனித்தனி வீடு கட்டி, ஒன்றுக்குமே பூட்டுப் போடாத கதை. பூட்டு என்பது ஃபயர்வால் விதி.

குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும். 20க்கு இன்டர்நெட் மட்டும். 10, 30 இரண்டுக்கும் போகக் கூடாது. 10இலிருந்து 30க்குப் போகலாம், கேமராவைப் பார்க்க வேண்டுமே. 30இலிருந்து 10, 20 இரண்டுக்கும் புதிதாக இணைப்பு தொடங்கக் கூடாது. 10 கேட்டதற்குப் பதில் அனுப்பலாம். எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் இணைப்புகளை அனுமதிக்கும் விதி எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது இதற்காகத்தான். கேமராவுக்கு இன்டர்நெட்டையே வெட்டலாம். ஆனால் நிறுவனத்தின் கிளவுட் ஆப்பில் வெளியூரிலிருந்து பார்க்கிறவர்கள் அந்த வசதியை இழப்பார்கள். ஆவேசத்தில் 30இலிருந்து ரவுட்டருக்கு வருவதையும் சேர்த்து அடைத்துவிட்டால் கேமராவுக்கு ஐபியே கிடைக்காது. டிஎச்சிபிக்கான யுடிபி 67, டிஎன்எஸ்ஸுக்கான 53 இரண்டையும் திறந்து வையுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் 30க்கு மூடுங்கள்.

முடித்த மறுநாள் ஒரு புகார் வரும்: போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் ஆகவில்லை. போன் டிவியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் ஒரு வீலானைத் தாண்டாது. ரவுட்டரில் அவாஹி போன்ற ரிஃப்ளெக்டரை இயக்கலாம். பொறுமை இல்லையென்றால் டிவியை 10க்கே மாற்றிவிடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். டிவியை அடைத்துவைத்துக் குடும்பத்தோடு சண்டை போட வேண்டாம்.

சோதனையை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்யுங்கள். இன்டர்நெட் வருகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். ஒரு லேப்டாப்பை 30இல் செருகி, 20இல் உள்ள கணினிக்கு பிங் போடுங்கள், போகக் கூடாது. ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே பிங்கை மறுக்கக்கூடும் என்பதால், ஒரே வீலானுக்குள் பிங் போகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு சுவிட்சில் சேவ் கொடுங்கள். சில சுவிட்சுகளில் அதற்குத் தனி மெனு. சிஸ்கோவில் ரன்னிங் கான்ஃபிகை ஸ்டார்ட்டப் கான்ஃபிகுக்கு நகலெடுக்க வேண்டும். அதை மறந்தால் அடுத்த மின்வெட்டில் எல்லாம் பழையபடி.

வேலை தேடுகிறவர்கள் வீலான் திட்டம் எழுதிய அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ரெஸ்யூமில் ‘நெட்வொர்க்கிங் தெரியும்’ என்ற வரிக்குப் பதிலாக, ‘மூன்று வீலான், இரண்டு ட்ரங்க், இடையே ஃபயர்வால் விதிகள், வீட்டில் அமைத்து நடத்துகிறேன்’ என்று எழுதுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி, ‘இரண்டு வீலான் ஏன் பேசிக்கொள்ளவில்லை, எங்கிருந்து தேடுவீர்கள்?’ என்றிருக்கும். போர்ட், பிவிஐடி, ட்ரங்க், டிஎச்சிபி, ஃபயர்வால் என்று கீழிருந்து மேலாகச் சொல்லுங்கள். சுவிட்ச் வாங்க வசதியில்லாதவர்கள் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரில் இதையே கட்டிப் பார்க்கலாம், அது இலவசம். உங்கள் அமைப்பின் படத்தைக் காட்டுவதானால் பொது ஐபியையும் பாஸ்வேர்டுகளையும் அழித்துவிட்டுக் காட்டுங்கள். அவை அப்படியே இருந்தால் இன்டர்வியூ எடுப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.