பிளெரி: மேயர் உண்டு, மக்கள் இல்லை

மாணவர்களே! முதலாம் உலகப் போர் என்றதும் ஆண்டுகளையும் கூட்டணிகளின் பெயர்களையும் மனனம் செய்து விடுகிறீர்கள். போர் நடந்த நிலத்தை யாரும் படிப்பதில்லை. பிரான்சின் பிளெரி என்ற சிற்றூரை எடுத்துக்கொண்டால் வரலாறும் புவியியலும் எப்படிப் பிணைந்துள்ளன என்பது விளங்கும்.

அமைவிடம்

பிரான்சின் வடகிழக்கில் மியூஸ் நதி வடக்கு நோக்கிப் பாய்கிறது. நதிக்கரையில் வேர்டன் நகரம் உள்ளது. நதிக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல்லாலான குன்றுத்தொடர் ஒன்று காணப்படுகிறது. கிழக்கிலிருந்து வரும் படை இதனைக் கடந்தே நகரை அடைய வேண்டும். 1870–71 போரில் தோல்வியுற்று அல்சாஸ் பிரதேசத்தையும் லொரேனின் ஒரு பகுதியையும் பிரான்ஸ் இழந்தது. இதனால் ஜேர்மன் எல்லை வேர்டனை நெருங்கியது. எனவே பிரான்ஸ் இக்குன்றுகளில் கோட்டைகளைக் கட்டியது. டூவோமோன்ட், வோ, சூவில் ஆகிய கோட்டைகளுக்கு இடையே அகப்பட்டதுதான் பிளெரி. அவ்வூர் செய்த குற்றம் அவ்வளவே.

1916இல் நடந்தது

1913இல் இங்கு 422 பேர் வாழ்ந்தனர். விவசாயமும் மரவேலையும் அவர்களது தொழில்கள். 1916 பெப்ரவரி 21இல் ஜேர்மனி தாக்குதலைத் தொடங்கியதும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஊர் 16 தடவைகள் கைமாறியதாகக் கூறப்படுகிறது. எறிகணை வீச்சில் ஒரு சுவர்கூட எஞ்சவில்லை. டிசம்பர் 18 வரை நீடித்த வேர்டன் சமரில் இரு தரப்பிலும் ஏறக்குறைய 300,000 பேர் இறந்தனர்.

ஏன் மீளக் கட்டப்படவில்லை?

முக்கியமான வினா இதுவே. பெல்ஜியத்தின் ஈப்ரே நகரமும் தரைமட்டமானது. ஆனால் அது மீளக் கட்டப்பட்டது. பிளெரியில் அழிந்தவை வீடுகள் மட்டுமல்ல, மண்ணும் கெட்டுப்போயிற்று. வெடிக்காத எறிகணைகள், நச்சுவாயுக் குண்டுகள், ஈயம், ஆசனிக்கு, புதையுண்ட உடல்கள் ஆகியன நிறைந்த நிலத்தில் ஏர் பூட்ட முடியுமா? அரசாங்கம் இப்பகுதியைச் “சிவப்பு வலயம்” எனப் பிரகடனம் செய்து காணிகளை வாங்கியது. பின்னர் பெரும்பகுதியில் மரங்கள் நடப்பட்டன. காட்டின் கீழே குண்டுக் குழிகள் இன்றும் அலையலையாகத் தெரிகின்றன. பேக்கரி, பாடசாலை முதலியன இருந்த இடங்களை அடையாளக் கற்கள் காட்டுகின்றன. ஊர்த் தேவாலயம் இருந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் நிற்கிறது.

வேர்டனைச் சூழ இவ்வாறு அழிந்த கிராமங்கள் 9. அவற்றுள் பிளெரி உட்பட 6 கிராமங்களில் இன்றும் குடித்தொகை பூச்சியம். ஆயினும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னும் அவை உள்ளூராட்சி அலகுகளாகவே நீடிக்கின்றன. வாக்களிக்க ஆளில்லாததால் மேயரை மாவட்ட நிர்வாகத் தலைவரான பிரிபெக்ற் நியமிக்கிறார்.

பயிற்சி

1. பிளெரி போர்க்களமாக மாறியதற்கு அதன் அமைவிடம் எவ்வாறு காரணமாயிற்று? (4 புள்ளிகள்)
2. ஈப்ரே மீளக் கட்டப்பட்டது, பிளெரி கட்டப்படவில்லை. பிளெரி பற்றிய இரு காரணங்களை விளக்குக. “போரினால் அழிந்தது” என்று மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. (6 புள்ளிகள்)