நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்கள்

பத்தாம் வகுப்பு மாணவி

நம் பழையசீவரத்தின் அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுகின்றன. அதனால்தான் அக்கரையிலுள்ள ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் ஓடியது. இந்த ஆறு வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்களைக் கடந்தே நம்மிடம் வருகிறது. அங்கே கழிவு கலந்த நீரை மீண்டும் தூய்மையாக்க முடியுமா? இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் தரும் விடைகளுள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

நுண்ணுயிர் என்றதும் நோயே நம் நினைவுக்கு வரும். ஆனால் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்களே. அரிசி கழுவிய நீரை வாழையடியில் ஊற்றுகிறோம். அது அங்கே நாறுவதில்லை. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றின் உதவியோடு அதிலுள்ள அழுக்கை உணவாக்கிக் கொள்கின்றன. அதே நீர் சாக்கடையில் தேங்கினால், போதிய காற்றின்றி நாற்றமெடுக்கிறது.

1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் இவ்வுண்மையைப் பயன்படுத்தினர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அடியில் படிந்த சேற்றை எறிந்துவிடாமல், புதிய கழிவுநீரோடு மீண்டும் சேர்த்தனர். அச்சேற்றில் பெருகியிருந்த பாக்டீரியாக்கள் பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தன! இன்று உலகெங்கும் நகரங்களின் கழிவுநீர் இம்முறையில் சுத்தம் செய்யப்படுகிறது.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவரும் புகழ் பெற்றார். அவர் மேற்கு வங்காளத்தில் 1938-இல் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. பெட்ரோலியம் என்பது பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒரு பாக்டீரியா ஒரு வகையை உண்ணும். மற்றொன்று வேறு வகையை உண்ணும். அத்திறமைகளைத் தரும் மரபுப்பொருள், பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களில் உள்ளது. அமெரிக்காவில் பணியாற்றிய அவர், நான்கு வகைப் பிளாஸ்மிட்டுகளை ஒரே பாக்டீரியாவில் சேர்த்தார். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அத்தகைய உயிருக்கும் காப்புரிமை உண்டு என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் புதிய உயிரைத் திறந்த வெளியில் விட்டால் என்ன விளையுமோ என்ற அச்சத்தால், அது கடலில் பயன்படுத்தப்படவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதின. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘டான் காஞ்சிபுரம்’. அப்போது கரையொதுங்கிய எண்ணெயை மக்கள் வாளிகளால்தான் அள்ளினார்கள்.

சக்கரவர்த்தியைப் பற்றிப் படித்தபோது, தோல் கழிவிலுள்ள குரோமியத்தை உண்ணும் பாக்டீரியாவும் இருந்தால் நம் பாலாறு பிழைத்துவிடுமே என்று எண்ணினேன். ஆனால் நம் வேதியியல் பாடமே அதற்கு மறுப்புச் சொல்கிறது. எண்ணெய் பல சேர்மங்களின் கலவை. பாக்டீரியா அதை உடைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். குரோமியமோ தனிமம்; எந்த உயிராலும் அதை அழிக்க முடியாது. நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சு குறைந்த, நீரில் எளிதில் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாகச் சில பாக்டீரியாக்கள் மாற்றுகின்றன. அது பெரிய உதவிதான். ஆனால் குரோமியம் சேற்றில் தங்கியே இருக்கும். தோலைப் பாதுகாக்கச் சேர்க்கும் உப்பையும் பாக்டீரியாக்கள் உண்பதில்லை. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் ஒரு இலட்சம் டன்னுக்கும் அதிகம்.

ஆகவே, ஆற்றில் கலந்தபின் எடுப்பதைவிடக் கலக்காமல் தடுப்பதே அறிவுடைமை. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28 அன்று நம் உச்ச நீதிமன்றம், இத்தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் தீர்ப்புக் கூறியது.

தோழியரே! நுண்ணுயிர் நம் நல்ல வேலையாள். ஆனால் எல்லாச் சுமையையும் அதன் தலையில் ஏற்றக்கூடாது. நான் மேற்படிப்பில் நுண்ணுயிரியல் பயில விரும்புகிறேன். மூன்று ஆறுகள் கூடும் நம் ஊரில், அள்ளிக் குடிக்கத் தக்க நீர் ஓடும் நாளைக் காண ஆசைப்படுகிறேன்.