நீளமான இங்கிலீஷ் சொல்லை உடைத்துப் படிப்போம்



தாம்பரம் பக்கத்துக் குழு ஒன்றில் ஓர் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துதான் போட்டோம் என்று நினைத்திருந்தார். தவணை நின்றதும் நோட்டீஸ் இவருக்கும் வந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தோம். கையெழுத்துக்கு மேலே 'கேரண்டார்' என்று இருந்தது. "இங்கிலீஷ்ல நீளமா இருந்துச்சு மேடம், படிக்காம விட்டுட்டேன்" என்றார். கேரண்டார் என்றால் ஜாமீன்தாரர். வாங்கியவர் கட்டாவிட்டால் இவர்தான் கட்ட வேண்டும்.

எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள்கூட நீளச் சொல்லைக் கண்டால் தாண்டிப் போய்விடுகிறோம். உடைத்துப் பார்த்தால் பயம் போகும். தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ, அத்தனை அசை. கே-ரண்-டார், மூன்று. நம்ம ஸ்டேஷன் பலகையில் உள்ள சானடோரியம்: சா-ன-டோ-ரி-யம், ஐந்து. (1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது.)

பள்ளியில் குறளை நேர், நிரை என்று அலகிட்டவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே இரண்டு குறில் சேர்ந்து ஒரே அசையாகும். இங்கிலீஷில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான்.

அடுத்தது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்கிறோம். இங்கிலீஷில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை அமுங்கிவிடும். சானடோரியத்தில் 'டோ' ஓங்கும். கேரண்டாரில் கடைசி 'டார்'. இதற்கெல்லாம் விதி சொல்வது கஷ்டம். ஆனால் நம் படிவங்களில் அதிகம் வரும் ஒருவகைச் சொல்லுக்கு நல்ல விதி உண்டு. டி, ஐ, ஓ, என் என்ற நான்கு எழுத்தில் முடிந்து 'ஷன்' என்று ஒலித்தால், அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். அப்-ளி-கே-ஷன், 'கே'. ரெ-ஜிஸ்-ட்ரே-ஷன், 'ட்ரே'. ஐ-டென்-டி-ஃபி-கே-ஷன், ஆறு அசை, அதிலும் 'கே'தான்.

அழுத்தம் தப்பாகச் சொன்னால் குடி முழுகிவிடாது. 'நாமினி'யில் கடைசி 'நீ' ஓங்க வேண்டும். நம்மில் பலர் 'நா'வை ஓங்குகிறோம், வேலை நடக்கத்தான் செய்கிறது. காதால் கேட்கும்போதுதான் இது அதிகம் உதவும். போனில் ஒருவர் வேகமாகப் பேசினால் ஓங்கிய அசைதான் முதலில் காதில் விழும். அதைப் பிடித்துக்கொண்டால் சொல்லும் பிடிபடும்.

வரும் கூட்டத்துக்கு வீட்டிலுள்ள பழைய படிவம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். அந்த அக்கா தன் நோட்டீஸையே எடுத்துவருகிறார். முதலில் அதைத்தான் உடைக்கப் போகிறோம்.