நீர் காட்டும் திசை

நுழையும்முன்

நகரம் வளர்வது இயல்பு. அது எத்திசையில் வளரவேண்டும் என்பதை முடிவுசெய்வது மக்களின் கடமை. வீடுகளும் சாலைகளும் எழுந்தபின் அம்முடிவை மாற்றுதல் அரிது. நகரின் எதிர்காலப் பரப்பை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சென்னையின் வரலாற்றுவழி இப்பாடம் விளக்குகிறது.

ஊர் அமைந்த முறை

சென்னையும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய தொண்டை மண்டலம் பருவமழையை நம்பியிருந்த பகுதி. சில வாரங்களில் பெய்யும் மழையை ஆண்டு முழுவதற்கும் சேமிக்க, முன்னோர் ஏரிகளை அமைத்தனர். மேட்டுநிலத்தில் ஊர் நத்தம். ஏரிக்கரையின் கீழே நன்செய். மதகு வழியே வயலுக்கு நீர் பாய்ந்தது. ஏரி நிரம்பியபோது மிகைநீர் கலங்கல் வழியே வெளியேறி, வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரியை அடைந்தது. இவ்வாறு தொடர்ந்த நீர், இறுதியில் சதுப்பு நிலத்தையோ கழிமுகத்தையோ சேர்ந்தது. எங்கே குடியேறலாம், எங்கே குடியேறலாகாது என்பதை நீரின் போக்கே வரையறுத்தது.

நகரம் விரிந்த முறை

1639இல் கடற்கரையோரத்தில் தொடங்கிய ஆங்கிலேயர் குடியிருப்பு, அருகிலிருந்த ஊர்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு பெருநகரமாயிற்று. 1920களில் மாம்பலத்தின் ஏரிப்பரப்பில் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பின்னர்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருக, குடியிருப்புகள் தெற்கு நோக்கிப் பரவின. அங்குதான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உள்ளது. சுற்றியுள்ள ஏரிகளின் மிகைநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புவது அதுவே. வயல்கள் மனைகளானபோது, அவற்றின் ஊடே சென்ற வாய்க்கால்கள் குறுகின; சதுப்பு நிலமும் சுருங்கியது.

தெரிந்து தெளிவோம்

ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் வரும் ‘தாங்கல்’ என்னும் சொல் நீர்நிலையைக் குறிப்பதாகும்.

இரண்டு படிப்பினைகள்

2015 டிசம்பரில் பெருமழை பெய்தபோது, நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளில் மிகைநீராலும் நீரின்மையாலும் ஒரே நகரம் துன்புற்றது. நீர் தங்கும் இடத்தை இழந்த நகரம், மழைக்காலத்தில் நீரை ஏற்கவும் கோடையில் அதைத் தரவும் இயலாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தின.

திட்டமிடலின் சிக்கல்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் முதல் முழுமைத் திட்டம் 1976இலும், இரண்டாம் திட்டம் 2008இலும் நடைமுறைக்கு வந்தன. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பள்ளிக்கரணை, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

எனினும், தடை விதிப்பது மட்டும் தீர்வாகாது. பிழைப்புத் தேடி வருவோருக்கு வீடு வேண்டும். மேட்டுநிலத்தின் விலை உயர்ந்தால், பொருள் குறைந்தோர் தாழ்நிலத்தையே நாடுவர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கும் குடும்பத்தினர், அது முன்பு வாய்க்காலாக இருந்ததை முதல் வெள்ளத்தில்தான் அறிகின்றனர். ஆகவே நீர்வழிகளைக் காப்பதோடு, மேட்டுநிலத்தில் எளியோர்க்குக் கட்டுப்படியாகும் வீடுகளையும், அங்கிருந்து பணியிடம் செல்லத் தொடர்வண்டி, பேருந்து வசதிகளையும் திட்டம் வழங்கவேண்டும்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு 1947இல் வகுக்கப்பட்ட ‘கைவிரல் திட்டம்’ இவ்வகையில் கருதத்தக்கது. விரல்களைப் போல விரியும் தொடர்வண்டிப் பாதைகளை ஒட்டிக் குடியிருப்புகள் அமைய, விரல்களுக்கு இடையே பசுமை நிலங்கள் விடப்பட்டன. வளரவேண்டிய இடத்தையும் வளரக்கூடாத இடத்தையும் அத்திட்டம் ஒருசேர வரையறுத்தது.

வருங்காலத்தின் வரைபடம்

1189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி, 2022இல் 5904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஊர்களில் ஏரிகளும் கலங்கல்களும் வயல்களும் இன்னும் உள்ளன. தாம்பரம், வேளச்சேரிப் பகுதிகளுக்குக் கிட்டாத வாய்ப்பு அவ்வூர்களுக்கு உண்டு. அங்கு எழவிருக்கும் நகரின் வரைபடத்தில் முதற்கோடு சாலைக்காக வரையப்படுமா, வாய்க்காலுக்காக வரையப்படுமா என்பதைப் பொறுத்தே வருங்காலத் தலைமுறையின் வாழ்வு அமையும்.