செக்ரோல் தெரிந்தவர்களுக்குக் கணனிப் பாடம்



எங்கள் டிவிஷனில் இருந்து கல்லூரிக்குப் போய், கணனிப் பாடநெறியில் முதலாம் வருடம் படிக்கும் தம்பி ஒருவர் லீவுக்கு வந்திருந்தார். "ஐயா, நான் படிப்ப விட்டுறப் போறேன். ஒன்னும் மண்டையில ஏறல" என்றார். அம்மா சீட்டு எடுத்துக் கட்டிய காசு! நாங்கள் அவரையும் கொப்பியையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போய், அம்மாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவரைத் தடுக்கிய பாடம் ஒப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங். தமிழில் பொருள்நோக்கு நிரலாக்கம் என்பார்கள். 1960களில் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்ற இருவர் செய்த சிமுலா என்ற மொழியில் இந்த முறை பிறந்தது. 1995இல் வந்த ஜாவா மொழியும் இம்முறையைத்தான் பின்பற்றுகிறது. தம்பி படிப்பதும் ஜாவாதான்.

கிளாஸ் என்றால் என்ன? கொழுந்துத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பேர், நம்பர், கிலோ என்று அச்சடித்த வெறும் துண்டுதான் கிளாஸ். அதில் யாருடைய கணக்கும் இல்லை.

ஒப்ஜெக்ட் என்றால் என்ன? லெட்சுமிக்கு ஒரு துண்டு, ராமாயிக்கு ஒரு துண்டு என்று எழுதிக் கொடுத்தால் அவை இரண்டு ஒப்ஜெக்ட். அமைப்பு ஒன்று, கணக்கு வேறு வேறு.

மெதட் என்றால் என்ன? துண்டு செய்யக்கூடிய வேலை. 'நிறு' என்ற மெதட், நிறுத்த கிலோவை அந்த ஆளுடைய கணக்கில் கூட்டும்.

இனித் தம்பியின் பிழைக்கு வருவோம். லெட்சுமிக்கு 18 கிலோ, ராமாயிக்கு 22 கிலோ போட்டார். கணனியோ இருவருக்கும் 40 என்று காட்டியது. தம்பி இதை வாசித்ததும் அம்மா, "ரெண்டு பேரு கொழுந்தையும் ஒரே பேருல போட்டா மடுவத்துல சண்டை வராதா?" என்று கேட்டார்.

தம்பி கொப்பியைத் திரும்பப் பார்த்தார். கிலோவுக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைப் போட்டால் கிலோ ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாக இருக்காது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றாகிவிடும். முன்பு ஒரு நாள் ஒப்ஜெக்ட் செய்யாமலே கிலோவைக் கூப்பிட, கணனி பிழை சொல்லியிருக்கிறது. அதன் வாயை அடைக்கத்தான் அந்தச் சொல்லைப் போட்டாராம். புதிதாகப் படிப்பவர்கள் பலர் விழுகிற குழி இது. சொல்லை எடுத்தார். 18, 22 என்று சரியாகப் பிரிந்து நின்றது.

இன்னும் இரண்டு விஷயம்:

1. கண்டவர்களும் துண்டில் கிலோவைத் திருத்த விடலாமா? கூடாது. தராசு வழியாகத்தான் வரவேண்டும். அதனால் கிலோவை 'பிரைவேட்' ஆக்கி, 'நிறு' மெதட் வழியாக மட்டும் மாற்ற விடவேண்டும்.

2. கொழுந்து எடுப்பவரும் கவ்வாத்து வெட்டுபவரும் தொழிலாளியே. பேரும் நம்பரும் இருவருக்கும் உண்டு. அவற்றைத் 'தொழிலாளி' என்ற கிளாசில் ஒரே தடவை எழுதி, மற்ற இரண்டு கிளாசும் அதிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது மரபுரிமை.

பெற்றோர்களே, "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். பிள்ளையை உட்காரவைத்து, "எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். சொல்லும்போதே பிழை தெரிந்துவிடும்.

மாணவர்களே, பிழை வந்தால் ஏதாவது சொல்லைப் போட்டு மறைக்காதீர்கள். யாருடைய கணக்கு யாருடைய துண்டில் ஏறுகிறது என்று கடதாசியில் எழுதிப் பாருங்கள்.

தம்பி லீவு முடிந்து கல்லூரிக்குப் போய்விட்டார்.